பசியோடு மல்லுக்கட்டாமல் உண்பது எப்படி: மூளையின் போக்கை அறிந்து அமைக்கும் உணவு முறை

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்களில் பலர் முதல் நாளே சோற்றைப் பாதியாகக் குறைத்து, இரவு உணவை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். சில வாரங்கள் கடந்ததும் பசி முன்னைவிடக் கூர்மையாகிறது. எண்ணெயில் பொரியும் பண்டத்தின் வாசனை தெரு முனையிலிருந்தே இழுக்கிறது. பிறகு ஒரு நாள் கட்டுப்பாடு உடைந்து, விட்டதையெல்லாம் சேர்த்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ‘வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். அவர்களும் அதையே நம்பி மனம் நொந்துபோகிறார்கள். இந்தப் பழி நியாயமானதல்ல.

உடலின் கொழுப்புச் சேமிப்பு குறையத் தொடங்கினால் பசியைக் கூட்டுவதும், உணவின் மீதான நாட்டத்தைப் பெருக்குவதும், உடல் செலவிடும் ஆற்றலைக் குறைப்பதும் மூளையின் இயல்பான பணிகள். ஆகவே, மன உறுதியை மட்டும் நம்பிப் பசியை எதிர்ப்பதைவிட, பசியும் நிறைவும் மூளையில் எவ்வாறு தோன்றுகின்றன என்று தெரிந்துகொண்டு, அந்தச் செய்திகள் உரிய நேரத்தில் மூளைக்குப் போய்ச் சேரும்படி உணவையும் உறக்கத்தையும் வீட்டின் ஏற்பாடுகளையும் அமைத்துக்கொள்வதே நிலைத்த பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான வழிகளைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

இவை பொதுவான உடல்நலம் உள்ள பெரியவர்களுக்கானவை. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகக்கூடிய மாத்திரைகளை எடுப்பவர்களும், கருவுற்றிருக்கும் பெண்களும், உணவு தொடர்பான மனநலச் சிக்கலுக்குச் சிகிச்சை பெற்றவர்களும் மருத்துவரைக் கலந்த பிறகே உணவின் நேரத்தையோ அளவையோ மாற்ற வேண்டும்.

பசி எங்கே பிறக்கிறது

பசி வயிற்றில் உணரப்பட்டாலும் அதை ஆள்வது மூளையின் அடிப்பகுதியில், பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று மேலே உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி. அதன் எடை ஏறத்தாழ 4 கிராம்தான். 1940-இல் ஹெதரிங்டன், ரான்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் இப்பகுதியின் நடுப்பாகத்தைச் சேதப்படுத்தியபோது அவை அளவு கடந்து பருத்தன. 1951-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பால் கிருஷ்ண ஆனந்த் என்ற இந்திய உடலியங்கியல் அறிஞரும் ஜான் புரோபெக்கும் இதே பகுதியின் பக்கவாட்டைச் சேதப்படுத்தியபோது, எலிகள் உணவு முன்னால் இருந்தும் உண்ணாமல் நின்றுவிட்டன. ஆனந்த் பின்னர் தில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பினார். பசியைப் பற்றிய நவீன அறிவின் அடித்தளத்தில் நம் நாட்டவர் ஒருவரின் கை இருப்பதை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

பின்வந்த ஆய்வுகள் இந்தச் சித்திரத்தை நுட்பமாக்கின. ஹைப்போதலாமஸில் ஆர்க்குவேட் என்ற நரம்பணுத் திரளில் ஒன்றுக்கொன்று எதிரான இரு வகை நரம்பணுக்கள் இருக்கின்றன. ஏஜிஆர்பி நரம்பணுக்கள் இயங்கினால் பசி எழுகிறது. பிஓஎம்சி நரம்பணுக்கள் இயங்கினால் பசி அடங்குகிறது. 2011-இல் சுண்டெலிகளின் ஏஜிஆர்பி நரம்பணுக்களை ஒளியால் தூண்டியபோது, போதுமான அளவு உண்டிருந்த எலிகளும் சில நிமிடங்களில் வெறியோடு தின்னத் தொடங்கின. 2015-இல் சான் பிரான்சிஸ்கோவில் செய்யப்பட்ட ஆய்வு இன்னும் வியப்பானது: பசித்த எலியின் முன் உணவை வைத்ததுமே, அது ஒரு வாய் உண்பதற்கு முன்பே, இந்த நரம்பணுக்கள் அடங்கத் தொடங்கின. அதாவது மூளை உள்ளே போனதை எண்ணிப் பார்த்து மட்டும் முடிவு செய்வதில்லை. வரப்போவதைக் கண்ணாலும் மூக்காலும் முன்கூட்டியே கணிக்கிறது. கீழே சொல்லப்போகும் வழிகளில் பாதிக்கும் மேல் இந்தக் கணிப்பைத் திருத்துவதைப் பற்றியவை.

மூளைக்கு வரும் செய்திகளைக் கால அளவை வைத்து இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது உதவும். நாள்கள், வாரங்கள் கணக்கில் பேசுவது லெப்டின் என்ற ஹார்மோன். கொழுப்புத் திசுவில் சுரக்கும் இதை 1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரைட்மனின் குழு கண்டறிந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின், பிறவியிலேயே லெப்டின் சுரக்காத இரு குழந்தைகளைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் எழுதினார்கள். எவ்வளவு கொடுத்தாலும் பசி தீராமல் மிகவும் பருத்திருந்த அந்தக் குழந்தைகளில் ஒருவருக்கு லெப்டின் ஊசி தொடங்கியதும் உண்ணும் அளவு வெகுவாகக் குறைந்தது. அந்தக் குழந்தையின் மன உறுதி ஒரே நாளில் வளர்ந்துவிடவில்லை. மூளைக்கு வராமல் இருந்த ஒரு செய்தி வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் உடல் பருத்த எல்லாருக்கும் லெப்டின் கொடுக்கலாமே என்று தோன்றும். அது பலிக்கவில்லை. பருத்த உடல் கொண்டவர்களில் பெரும்பாலோரின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே மிகுதியாக இருக்கிறது. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. லெப்டின் குறைந்தால் மூளை உடனே எச்சரிக்கை அடைகிறது, கூடினால் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. எடை ஏறுவது எளிதாகவும் இறங்குவது கடினமாகவும் இருப்பதற்கு இந்த ஒருபக்கச் சாய்வு முதன்மையான காரணம்.

ஒரு வேளை உணவின் அளவில் பேசும் செய்திகள் வேறு. வெறும் வயிற்றிலிருந்து சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டுகிறது. இதை 1999-இல் ஜப்பானில் கோஜிமாவும் காங்காவாவும் கண்டறிந்தார்கள். உணவு உள்ளே போனதும் இரைப்பை விரிவதை வேகஸ் நரம்பு மூளைத்தண்டுக்குத் தெரிவிக்கிறது. குடலின் மேற்பகுதியிலிருந்து கோலிசிஸ்டோகைனினும், பெரும்பாலும் கீழ்ப்பகுதியிலிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்களும் சுரந்து ‘போதும்’ என்ற உணர்வை உண்டாக்குகின்றன. இவற்றோடு, சுவையையும் வாசனையையும் இன்பத்தோடு முடிச்சுப் போட்டு வைக்கும் டோபமின் அமைப்பும் இருக்கிறது. வயிறு நிறைந்த பிறகும் பாயசத்துக்கு இடம் கிடைப்பது இதன் செயலால்தான்.

உண்ணும் நேரத்தை நிலைப்படுத்துதல்

தொடங்க வேண்டிய இடம் இதுதான். கிரெலின் வெறும் வயிற்றுக்கு மட்டும் கட்டுப்பட்டதல்ல. வழக்கமாக உண்ணும் நேரம் நெருங்கும்போது அது முன்கூட்டியே ஏறுகிறது. தினமும் ஒரு மணிக்கு உண்பவருக்கு ஒரு மணிக்குப் பசிக்கும். ஒரு நாள் பன்னிரண்டுக்கும் மறுநாள் மூன்றரைக்கும் உண்பவருக்கு எப்போது வேண்டுமானாலும் பசிக்கும். இடையில் தேநீர்க் கடையைக் கடக்கும்போதெல்லாம் பசிப்பது போலவும் இருக்கும்.

ஆகவே, அளவைக் குறைப்பதற்கு முன் நேரத்தைக் கட்டுங்கள். உங்கள் வேலைக்கு ஒத்துவரும் மூன்று நேரங்களைத் தேர்ந்தெடுத்து, முன்னும் பின்னும் அரை மணிக்கு மேல் விலகாமல் இரண்டு வாரமாவது கடைப்பிடியுங்கள். அந்த நாள்களில் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழைய நேரத்தில் எழும் பசி சில நாள்களில் தணியத் தொடங்கும்.

உடலின் உள் கடிகாரம் பசியை நாள் முழுதும் ஒரே அளவில் வைப்பதில்லை. உறக்கம், உணவு, வெளிச்சம் ஆகியவற்றின் தாக்கத்தை நீக்கிப் பார்த்த ஓர் ஆய்வில் பசி காலை எட்டு மணியளவில் மிகக் குறைவாகவும், இரவு எட்டு மணியளவில் மிக அதிகமாகவும் இருந்தது. காலையில் பசியில்லை என்று ஒரு காபியோடு கிளம்பி, மதியம் கிடைத்ததைத் தின்று, இரவு வீடு திரும்பியதும் கட்டுக்கடங்காமல் உண்பவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தின் வழியே இழுத்துச் செல்லப்படுகிறார்கள். இரவில் குறைவாக உண்ண விரும்புவோர் இரவில் போராடுவதால் பயனில்லை. காலையிலும் மதியத்திலும் நிறைவாக உண்டிருக்க வேண்டும்.

பசியா, ஆசையா என்று பிரித்தறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. ‘இப்போது சோறும் ரசமும் மட்டும் கிடைத்தால் உண்பேனா?’ என்று உங்களையே கேளுங்கள். உண்பேன் என்று மனம் சொன்னால் அது பசி, உண்டுவிடுங்கள். மிக்சர்தான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றினால் அது டோபமின் எழுப்பிய நாட்டம். அதைக் கையாளும் முறை வேறு, பின்னால் வருகிறது.

தட்டில் எதை, எந்த வரிசையில்

நம் வழக்கமான மதிய உணவில் சோறு நடுவில் குவிந்திருக்கும். பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, தானியங்களிலிருந்து வரும் ஆற்றல் 45 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது; நாட்டில் அது 50 முதல் 70 விழுக்காடு வரை இருப்பதாகவும் குறிப்பிடுகிறது. பசியின் கோணத்திலிருந்து பார்த்தாலும் இந்த அறிவுரை சரியானதே. புரதம் மிகுந்த உணவு நிறைவு தரும் ஹார்மோன்களை நன்கு தூண்டுகிறது. நார்ச்சத்தும் நீரும் மிகுந்த காய்கறிகள் குறைந்த கலோரியில் இரைப்பையை விரித்து வேகஸ் நரம்பைப் பேச வைக்கின்றன.

செய்ய வேண்டியது இதுதான். உட்கார்ந்ததும் சோற்றைப் பரிமாறிக்கொள்ளாதீர்கள். பொரியல், கூட்டு, கீரை இவற்றில் ஒரு கிண்ணம் அளவும், சுண்டலோ முட்டையோ மீனோ தயிரோ ஒரு பங்கும் முதலில் உண்ணுங்கள். ஐந்தாறு நிமிடம் கழித்துச் சோறு போட்டு, பருப்பு அடியில் தங்காதபடி நன்கு கலக்கி எடுத்த சாம்பாரை ஊற்றிக்கொள்ளுங்கள். காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்ற வரிசை சர்க்கரை நோயாளிகளிடம் உணவுக்குப் பிந்தைய இரத்தச் சர்க்கரை ஏற்றத்தைக் குறைப்பதை நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் 2015-இல் காட்டியிருக்கிறார்கள். என் அனுபவத்தில் இதன் இன்னொரு பலன் எளிமையானது: சோறு தட்டுக்கு வரும்போது முதல் வேகம் அடங்கியிருக்கும், அதனால் அதன் அளவைக் குறைக்கத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.

புரதத்தின் அளவைப் பொறுத்தவரை, இந்தியர்களுக்கான பரிந்துரை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம், வடித்த சோறு 100 கிராமில் மூன்று கிராமுக்கும் குறைவு. இட்லிக்குச் சட்னி மட்டும் தொட்டுக்கொள்ளும் காலை உணவு பதினொரு மணிக்கே பசியைக் கொண்டுவருவது ஏன் என்று இந்தக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். பருப்பு மிகுந்த சாம்பாரையும் ஒரு முட்டையையும் கூடச் சேர்த்துக்கொண்டு ஒரு வாரம் பாருங்கள்.

குடிக்கும் கலோரிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பதினைந்து பேர் நான்கு வாரம் நாள்தோறும் 450 கலோரியை மிட்டாயாக உண்டார்கள். வேறொரு நான்கு வாரம் அதே அளவைச் சர்க்கரை பானமாகக் குடித்தார்கள். மிட்டாய் உண்ட காலத்தில் அவர்கள் தாமாகவே மற்ற உணவைக் குறைத்துக்கொண்டார்கள். பானம் குடித்த காலத்தில் அப்படிக் குறைக்கவில்லை, எடையும் ஏறியது. மெல்லாமல் விழுங்கும் கலோரியை மூளை சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை. பழச்சாற்றை விட்டுப் பழத்தை உண்ணுங்கள். நாளைக்கு நான்கு தேநீர் குடிப்பவர் ஒவ்வொன்றிலும் சர்க்கரையை வாரத்துக்குக் கால் கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வந்தால் நாக்கு அதற்குப் பழகிவிடும்.

பொட்டலத்தில் வரும் தொழிற்சாலை உணவைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு, அதற்கு ஆதாரமும் உண்டு. கெவின் ஹால் தலைமையில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், இருபது பேர் நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கினார்கள். இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரம் அவ்வாறு பதப்படுத்தாத உணவு. பரிமாறிய உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு உண்பது என்பது அவரவர் விருப்பம். பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டு, இரண்டு வாரத்தில் சுமார் 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற உணவின்போது அதே அளவு இறங்கினார்கள். யாரும் அவர்களை அதிகம் உண்ணச் சொல்லவில்லை. பதப்படுத்திய உணவை அவர்கள் வேகமாக உண்டதும் பதிவாகியிருக்கிறது. பிஸ்கட்டும் சிப்ஸும் உடனடி நூடுல்ஸும் வீட்டு அலமாரியில் இருக்கும்வரை மற்ற முயற்சிகளின் பலன் பாதியாகவே கிடைக்கும்.

வேகமும் கவனமும்

குடலிலிருந்து வரும் ‘போதும்’ என்ற செய்தி மூளையில் உணரப்பட உண்ணத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடம் ஆகிறது. ஏழு நிமிடத்தில் மதிய உணவை முடிப்பவர், அந்தச் செய்தி வருவதற்கு முன்பே இரண்டாம் முறை போட்டுக்கொண்டிருப்பார். ஏதென்ஸில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே அளவு ஐஸ்கிரீமை ஐந்து நிமிடத்தில் உண்டபோது இருந்ததைவிட, முப்பது நிமிடத்தில் உண்டபோது ஜிஎல்பி-1, பிஒய்ஒய் இரண்டும் கூடுதலாகச் சுரந்தன.

‘மெதுவாகச் சாப்பிடுங்கள்’ என்று சொல்வது எளிது. பழக்கமோ மூன்றாம் வாயிலேயே திரும்பிவிடும். அதனால் வேகம் தானாகக் குறையும்படி ஏற்பாடு செய்யுங்கள். மெல்ல வேண்டிய ஏதாவது ஒன்று, வெள்ளரியோ சுண்டலோ, ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். சோற்றுப் பாத்திரத்தை மேசையில் வைக்காமல் அடுக்களையிலேயே வைத்தால், மறுசோற்றுக்கு எழுந்து போக வேண்டியிருக்கும். அப்படி எழுவதற்கு முன் பத்து நிமிடம் காத்திருங்கள். பசி அப்போதும் இருந்தால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். விருந்துக்குப் போன இடத்தில் ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க’ என்று கரண்டியோடு நிற்பவரிடம் வேண்டாம் என்று மறுத்து அவர் மனத்தை வருத்த வேண்டியதில்லை. ‘கொஞ்ச நேரம் கழிச்சு வாங்கிக்கிறேன்’ என்று சொன்னால் போதும், அவரும் அடுத்த இலைக்குப் போய்விடுவார்.

நிறைவு என்பது வயிற்றின் கணக்கு மட்டுமல்ல, நினைவின் கணக்கும்கூட. 1998-இல் பால் ரோசினும் அவருடைய சகாக்களும் மூளைச் சேதத்தால் புதிய நினைவுகள் தங்காத இரு நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு மதிய உணவு கொடுக்கப்பட்டது, முழுதும் உண்டார்கள். தட்டுகள் அகற்றப்பட்டு, 10 முதல் 30 நிமிடத்துக்குள் மீண்டும் அதே போன்ற உணவு கொண்டுவந்து வைக்கப்பட்டது. அதையும் உண்டார்கள். வயிறு நிரம்பியிருந்தது, ஆனால் உண்டோம் என்ற நினைவு இல்லை, ஆகவே உணவு கண்ணில் பட்டதும் கை நீண்டது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உண்பவர் தமக்குத்தாமே இதன் சிறு அளவை உண்டாக்கிக்கொள்கிறார்: கவனம் சிதறிய உணவு நினைவில் மங்கலாகப் பதிகிறது, பிற்பகலில் கொறிப்பது கூடுகிறது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் சூசன் ஹிக்ஸ் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். அன்றைய மதிய உணவை நினைவுகூரச் சொன்ன பிறகு பிஸ்கட் கொடுத்தபோது, பங்கேற்றவர்கள் குறைவாகவே உண்டார்கள்.

எனவே உண்ணும் இடத்தில் கைப்பேசியும் தொலைக்காட்சியும் வேண்டாம். நான்கு மணிக்குக் கை டப்பாவை நோக்கிப் போகும்போது, மதியம் என்னென்ன உண்டீர்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். வெண்டைக்காய்ப் பொரியல், முட்டை, சாம்பார், தயிர் என்று தட்டைக் கண்முன் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் பசித்தால் உண்ணுங்கள்.

மாலை நேரத்து நாட்டம்

டோபமின் இன்பத்தைத் தருவதைவிட, இன்பம் வரப்போகிறது என்ற குறிப்புக்கே வலுவாக எழுகிறது என்பதை வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் செய்த ஆய்வுகள் நிறுவின. அலுவலகத்திலிருந்து திரும்பி, சட்டையை மாற்றி, நாற்காலியில் சாய்ந்து, தொலைக்காட்சியைப் போட்டதும் முறுக்கு நினைவுக்கு வருகிறதென்றால், அந்த நாற்காலியும் அந்த ஒலியும் குறிப்புகளாகிவிட்டன. நாட்டம் எழுந்த பின் அடக்குவது கடினம். குறிப்பை மாற்றுவது எளிது.

திரும்பியதும் முதலில் வேறொரு செயலைச் செய்யுங்கள்: குளியல், சிறு நடை, குழந்தையோடு மாடிக்குப் போவது எதுவானாலும் சரி. நொறுக்குத் தீனியை முற்றாகத் தடை செய்ய வேண்டாம். தடை செய்த பண்டத்தை மனம் சுற்றிச் சுற்றி வரும். அதற்குப் பதிலாக, டப்பாவிலிருந்து நேராக உண்பதை மட்டும் நிறுத்துங்கள். வேண்டியதை ஒரு சிறு தட்டில் எடுத்து, டப்பாவை மூடி உள்ளே வைத்து, உண்ணும் இடத்தில் அமர்ந்து உண்ணுங்கள். தொலைக்காட்சி முன் உண்பதில்லை என்ற ஒரே விதியைக் கடைப்பிடித்தால் அந்த நாற்காலி மெல்ல மெல்லத் தன் பிடியை இழக்கும்.

ஒரே சுவை தொடர்ந்தால் மூளை அதில் சலிப்படைகிறது, புதுச் சுவை வந்தால் மீண்டும் விழிக்கிறது. பார்பரா ரோல்ஸ் 1980-களில் விரிவாக ஆராய்ந்த இந்த இயல்பை இருபுறமும் பயன்படுத்தலாம். வீட்டில் ஒரே நேரத்தில் ஐந்து வகைப் பலகாரம் திறந்திருக்க வேண்டாம், ஒன்று போதும். காய்கறிகளோ மூன்று வகையாக இருக்கட்டும்.

உறக்கத்தை உணவுத் திட்டத்தில் சேர்த்தல்

சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 2004-இல் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே உறங்கவிட்டார்கள். போதுமான உறக்கத்தோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது, கிரெலின் 28 விழுக்காடு கூடியது. இனிப்பும் உப்பும் மாவும் மிகுந்த உணவுகளின் மீதே நாட்டம் அதிகம் ஏறியது. அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2022-இல் வந்த ஆய்வு இன்னும் நம்பிக்கையூட்டுவது. கூடுதல் எடையுள்ள, ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கும் எண்பது பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பாதியினருக்கு உறக்கத்தை நீட்டிக்க மட்டும் வழிகாட்டினார்கள். உணவைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. உறக்கம் ஏறத்தாழ ஒன்றே கால் மணி நேரம் கூடியது. மற்ற பாதியினரோடு ஒப்பிட்டால் அவர்கள் உட்கொண்ட ஆற்றல் நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி குறைந்தது.

உணவைக் குறைக்கும் எந்தத் திட்டத்துக்கும் முன்னால் இதைச் செய்யச் சொல்வேன். படுக்கும் நேரத்தை ஒரு வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று முன்னே நகர்த்துங்கள். கைப்பேசியின் சார்ஜரை வேறு அறையில் வையுங்கள். இரவுப் பணி செய்பவர்களுக்கு இது எளிதல்ல. அவர்கள் பகல் உறக்கத்துக்கு இருட்டையும் அமைதியையும் உண்டாக்கிக்கொள்வதோடு, பணி நேரத்தில் உண்ண வேண்டியதை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது.

எடை குறைந்த பிறகு வரும் மாதங்கள்

1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். உணவைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாத நிலைக்கு வந்தார்கள். சிலர் சமையல் நூல்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். பட்டினி முடிந்தபின் சிலர் வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் உண்டார்கள். 2011-இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டின் மூலம் எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துப் பரிசோதித்தபோதும், அவர்களின் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை.

ஆகவே, வேகமாகக் குறைப்பதைத் தவிருங்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் இலக்கு வைக்க வேண்டாம். எடையில் ஐந்து விழுக்காடு குறைந்ததும் சில மாதங்கள் அங்கேயே நிற்க முயலுங்கள். அந்த மாதங்களில் பசி கூடுதலாக இருப்பது எதிர்பார்க்க வேண்டியதே, உங்கள் தவறு அல்ல. உடற்பயிற்சி எடையைக் குறைப்பதைவிடக் குறைந்த எடையைக் காப்பதில் அதிகம் உதவுகிறது. எனவே நடையைத் தொடங்க இது தவறவிடக் கூடாத காலம்.

குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். தட்டில் இருப்பதை முடித்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தப்படும் குழந்தை, தன் வயிற்றின் செய்தியைக் கேட்பதை விட்டுத் தட்டைப் பார்த்து உண்ணக் கற்றுக்கொள்கிறது. லீன் பர்ச் 1980-களில் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. என்ன உணவு, எப்போது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யலாம். எவ்வளவு என்பதைக் குழந்தைக்கு விட்டுவிடுவது நல்லது. எடை வயதுக்கேற்ப ஏறாத குழந்தைக்கு மருத்துவரின் ஆலோசனை தேவை, ஊட்டித் திணிப்பது தீர்வாகாது.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

சில பசிகளை மேற்சொன்ன எதுவும் தீர்க்காது. பதினைந்தாம் குரோமோசோமில் உள்ள குறையால் வரும் பிராடர்-வில்லி நோயில் குழந்தைப் பருவத்திலேயே அடங்காப் பசி தோன்றுகிறது. ஹைப்போதலாமஸ் அருகே கட்டி வந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் அப்படி நேரலாம். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளும், ஓலான்சபைன் போன்ற மனநல மருந்துகளும் பசியைக் கூட்டுகின்றன. அவற்றைத் தாமாக நிறுத்துவது ஆபத்து, மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேட்க வேண்டும். உண்ட பின் வலிந்து வாந்தி எடுப்பது, மறைவாகப் பெருமளவு உண்டு குற்ற உணர்வில் தவிப்பது, எடை மிகக் குறைந்தும் பருமனாக இருப்பதாக அஞ்சுவது ஆகியவை மனநல மருத்துவரின் உதவி தேவைப்படும் நிலைகள்.

ஜிஎல்பி-1-ஐப் போலச் செயல்படும் மருந்துகளைப் பற்றி இப்போது பலரும் கேட்கிறார்கள். உடலில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 இரண்டு மூன்று நிமிடங்களில் சிதைந்துவிடுகிறது. இவ்வகை மருந்துகளில் ஒன்றான செமாகுளூடைடு உடலில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. அதனால் மூளைத்தண்டிலும் ஹைப்போதலாமஸிலும் ‘போதும்’ என்ற செய்தி நாள் முழுதும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பெரிய ஆய்வொன்றில் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு அளவுக்கு எடை குறைந்தது. மருந்தை நிறுத்தியவர்கள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றார்கள். ஆகவே, இது சில மாதங்களில் முடியும் சிகிச்சையல்ல. தெரிந்தவர் சொன்னார் என்று மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடியதும் அல்ல.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். உண்ட நேரம், உண்டது, உண்ணும் முன் இருந்தது பசியா ஆசையா, முந்தைய இரவு உறங்கிய நேரம், எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயர் ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் போதும். கலோரிக் கணக்கு வேண்டாம். எங்கிருந்து தொடங்குவது என்று முடிவு செய்ய அந்த ஒரு தாள் அவருக்குப் பெரிதும் உதவும்.